மறுமொழி கேளாத ஆணை

1998-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் கம்பெனியார் ‘பிரான்டோ’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த கைச் சாதனம், அதுகாறும் ரிமோட் என்று வழங்கிவந்த வஸ்துக்களினின்றும் தோற்றத்திலேயே வேறுபட்டிருந்தது. ஐம்பது அறுபது பொத்தான்கள் நெருங்கி நிற்கும் நீண்ட பட்டைக்குப் பதிலாக, உள்ளங்கையை நிரப்பும் அகலமும், அந்த அகலத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் தெரியும் ஒரு தொடுதிரையும், ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் சானலை மாற்றவுமாக ஓரத்தில் சில மெய்யான பொத்தான்களும் அதற்கு இருந்தன. டெலிவிஷன், வீடியோ ரிகார்டர், டிவிடி, ஆம்ப்ளிஃபயர், செயற்கைக்கோள் பெட்டி என்று வசதியுள்ள வீடுகளின் கூடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறிவிட்ட சாதனங்கள் அனைத்தையும் இந்த ஒரு திரையிலிருந்தே ஆளலாம் என்று அதைச் செய்தவர்கள் சொன்னார்கள். அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 400 டாலர். வெறும் ரிமோட்டுக்கு அது பெரும் விலைதான். இருந்தும் வாங்கினவர்கள் உண்டு. வாங்கியதோடு நில்லாமல், பல இரவுகளை அதற்கென்றே ஒதுக்கி, அதன் திரையில் எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான் எந்த உருவில் நிற்க வேண்டும் என்று வரைந்தும் அழித்தும் மறுபடி வரைந்தும் பார்த்தவர்கள் உண்டு. அந்தச் சாதனம் எங்கே வென்றது, எங்கே தோற்றது என்று யோசிக்கப் புகுந்தால், ஆணையிடுகிறவனுக்கு அந்த ஆணை போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லுகிறவர் யார் என்ற விசாரணையில் அது என்னைக் கொண்டுபோய் விடுகிறது.

பிரான்டோ வந்தபோதே இந்த விசாரணைக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுச் சரித்திரம் இருந்தது. சிகாகோ நகரத்து ஜெனித் கம்பெனி 1950-இல் வெளியிட்ட ‘லேஸி போன்ஸ்’ என்னும் அதன் முதல் டெலிவிஷன் ரிமோட், பெட்டியோடு ஒரு நீண்ட கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தது. கம்பியோ கூடத்தின் குறுக்கே கிடந்து நடப்பவர் காலைத் தடுக்கிற்று. 1955-இல் அதே கம்பெனியைச் சேர்ந்த யூஜீன் பாலி என்பவர் கம்பியை நீக்கி, கைத்துப்பாக்கி வடிவில் ஒரு டார்ச் விளக்கைச் செய்து, திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கண்களைப் பதித்தார். ஒரு மூலையில் ஒளி விழுந்தால் சானல் மாறும். இன்னொரு மூலையில் விழுந்தால் குரல் அடங்கும். ஆனால் வெயிலும் ஒளிதானே? ஜன்னல் வழியே மாலைச் சூரியன் வந்து விழுந்தால் யாரும் கேளாமலே சானல்கள் மாறத் தொடங்கின. மறு ஆண்டிலேயே வியன்னாவில் பிறந்த பௌதிக விஞ்ஞானியான ராபர்ட் அட்லர், ஒளியைக் கைவிட்டு ஒலியை நாடினார். அவருடைய ‘ஸ்பேஸ் கமாண்ட்’ என்ற கருவிக்குள் நான்கு சிறு அலுமினியத் தண்டுகள் இருந்தன; பொத்தானை அமுக்கினால் ஒரு குட்டிச் சுத்தியல் அதற்குரிய தண்டைத் தட்டும்; தண்டு மனிதச் செவிக்கு எட்டாத உயர்ந்த சுருதியில் அதிரும்; பெட்டி அந்தச் சுருதியைக் கிரகித்துக்கொண்டு கீழ்ப்படியும். இதைக் கேட்டறிய அந்தப் பெட்டிக்கு ஆறு வால்வுகள் கூடுதலாகத் தேவைப்பட்டு, விலையும் சுமார் 30 சதவிகிதம் ஏறிற்று.

அட்லருடைய கருவியில் பாட்டரி கிடையாது. பாட்டரி தீர்ந்துபோனால் ஜனங்கள் டெலிவிஷனே கெட்டுவிட்டதென்று நினைப்பார்கள் என விற்பனைப் பகுதியினர் அஞ்சியதால், பாட்டரியே இல்லாத ஒன்றை அவர் யோசிக்க வேண்டியதாயிற்று. அந்த அச்சத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. ஆணை பலிக்காதபோது குறை தன் கையில் இருப்பதிலா, எதிரே இருக்கும் பெட்டியிலா, அல்லது நடுவே உள்ள வெளியிலா என்று பிரித்தறிய வழியில்லாத நிலையை, இந்தத் தொழிலின் தொடக்கத்திலேயே யாரோ கண்டுகொண்டார்கள் என்பதற்கு அது சாட்சி. சுத்தியல் தண்டைத் தட்டும்போது எழும் ‘கிளிக்’ என்ற ஓசையும், அந்தத் தட்டு விரல் நுனியில் ஏற்படுத்தும் மெல்லிய அதிர்வும், ஆணை புறப்பட்டுவிட்டது என்பதை விரலுக்கு உடனே தெரிவித்தன. அமெரிக்கர் பலர் ரிமோட்டை வெகுகாலம் ‘கிளிக்கர்’ என்றே அழைத்துவந்தது அந்த ஓசையினால்தான்.

எண்பதுகளில் அகச்சிவப்புக் கதிர் வந்து ஒலியின் இடத்தைப் பிடித்தது. இன்றும் நம் வீட்டு ரிமோட்டின் நெற்றியில் உள்ள சிறு விளக்கு, கண்ணுக்குப் புலப்படாத அந்தக் கதிரைத்தான் உமிழ்கிறது. கைபேசிக் காமிராவை அதற்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு பொத்தானை அமுக்கினால், பல காமிராக்களில் ஊதா கலந்த வெண்மையாய் அது படபடவென்று துடிப்பதைக் காணலாம். அந்தத் துடிப்புக்கு ஒரு பாஷை உண்டு. ஜப்பானிய என்இசி கம்பெனி வகுத்து, பல கம்பெனிகள் ஏற்றுக்கொண்ட முறையில், விநாடிக்கு 38,000 தடவை சிமிட்டும் கதிர் முதலில் 9 மில்லி விநாடி நேரம் தொடர்ந்து வந்து, எதிரே உள்ள சாதனத்தைக் கவனிக்கச் செய்யும், பிறகு 4.5 மில்லி விநாடி மௌனம். அதன்பின் 32 துணுக்குகளில் செய்தி. அந்தச் செய்தியில் முதலில் இன்ன சாதனத்துக்கு என்ற விலாசமும், பின்பு இன்ன காரியம் செய் என்ற ஆணையும் வரும். இதில் என்னை மிகவும் ஈர்த்தது ஒன்று: விலாசத்தையும் ஆணையையும் ஒருமுறை நேராகச் சொன்ன உடனேயே, ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் மாற்றி, தலைகீழாய் மறுமுறையும் சொல்கிறது. இரண்டும் பொருந்தினால்தான் பெட்டி அதை ஏற்கும். ‘சரியாகக் கேட்டதா?’ என்று வினவ வழியில்லாத காரணத்தால், சொல்லும்போதே இருமுறை சொல்லிவிடுவது என்ற யுக்தி அது. ஏனெனில் ரிமோட்டுக்கு வாய் உண்டே தவிர செவி கிடையாது. தபால் பெட்டியில் போட்ட கடிதத்தைப் போல அதன் ஆணை கையைவிட்டுப் போகிறது, சேர்ந்ததா என்ற செய்தி திரும்பி வருவதில்லை.

குளிர்சாதனக் கருவிக்கு உள்ள ரிமோட்டைப் பார்த்தால் இந்த உண்மை இன்னும் துலங்கும். டெலிவிஷன் ரிமோட் ‘ஒலியை ஒரு படி கூட்டு’ என்று மட்டும் சொல்லும். தற்போது எந்தப் படியில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. ஏசி ரிமோட்டோ, நாம் உஷ்ணத்தை ஒரு டிகிரி குறைக்க ஒரே ஒரு பொத்தானைத் தொட்டாலும், ‘ஓடிக்கொண்டிரு, 24 டிகிரியில் இரு, விசிறி நடுத்தரமாகச் சுழலட்டும்’ என்று முழு ஸ்திதியையும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஓதுகிறது. அதன் சிறு திரையில் நாம் காண்பது, அறையின் நிலையைக் குறித்து அந்த ரிமோட் கொண்டுள்ள நம்பிக்கை மட்டுமே. கதிர் சுவரில் பட்டுச் சிதறிவிட்டால், சுவரில் உள்ள கருவி அணைந்தே கிடக்க, கையில் உள்ளது 24 என்று காட்டிக்கொண்டிருக்கும்.

தனித்தனி ரிமோட்டுகள் இருந்தவரை இந்தச் செவிட்டுத்தன்மை பெரிய தொந்தரவாக இல்லை. ஒரு பொத்தானை அமுக்குகிறோம், எதிரே பார்க்கிறோம், நடக்கவில்லையென்றால் மறுபடி அமுக்குகிறோம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றே போதும் என்ற ஆசை பிறந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. அந்த ஆசை பிரான்டோவுக்கு முந்தியது. ஆப்பிள் கம்பெனியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், 1985-இல் அங்கிருந்து விலகி ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கி, 1987-இல் ‘கோர்’ என்ற பொது ரிமோட்டை வெளியிட்டார். மற்ற ரிமோட்டுகளிடமிருந்து பாடம் கேட்டுக்கொள்ளவும், பல ஆணைகளை ஒரே பொத்தானில் கோத்து வைக்கவும் அதற்குத் தெரியும். ஆனால் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுமையும் ஞானமும் சாமானிய ஜனங்களிடம் எதிர்பார்க்கக் கூடியவையாக இருக்கவில்லை.

பிரான்டோவின் தொடுதிரை இந்த இடத்தில்தான் மெய்யான ஒரு முன்னேற்றத்தைச் செய்தது. அதன் திரை இரண்டு மெல்லிய படலங்களாலானது. இடையே நூலிழை இடைவெளி. விரல் அமுக்கிய இடத்தில் மேற்படலம் வளைந்து கீழ்ப்படலத்தைத் தொட, அங்கே மாறும் மின்னழுத்தத்தைக் கொண்டு இன்ன இடம் என்று கருவி கணிக்கும். ஆகையால் பொத்தான் என்பது பிளாஸ்டிக்கில் வார்த்து நிலைத்துவிட்ட ஒன்றாக இல்லாமல், வரைந்த சித்திரமாகிவிட்டது. கணினியில் அதற்குரிய மென்பொருளைத் திறந்து, எந்தச் சித்திரத்தையும் பொத்தானாக நிறுத்தலாம். அந்தப் பொத்தானுக்கு ஒரே ஆணையையோ, இடையிடையே இத்தனை விநாடி பொறுத்திரு என்ற குறிப்போடு பத்து ஆணைகளையோ கோத்துக் கொடுக்கலாம். பழைய ரிமோட்டையும் புதியதையும் மேஜைமேல் சில அங்குல தூரத்தில் நெற்றிக்கு நெற்றி வைத்து, பழையதின் பொத்தானை அமுக்கிப் பிடித்தால், புதியது அந்தத் துடிப்பை அப்படியே கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளும். கூடத்தில் ட்யூப் லைட் எரிந்தாலோ வெயில் பட்டாலோ பாடம் பிழையாகப் பதிவதும் உண்டாகையால், அனுபவஸ்தர்கள் விளக்கை அணைத்துவிட்டு இந்த வித்தியாரம்பத்தைச் செய்தார்கள்.

நியூ ஜெர்ஸியில் வாழ்ந்துவந்த என் தமையனார் அப்படிச் செய்தவர்களுள் ஒருவர். எங்கள் தாயார் கும்பகோணத்திலிருந்து ஆறு மாதத் தங்கலுக்காக அவரிடம் சென்றிருந்தபோது, செயற்கைக்கோள் வழியாகத் தமிழ் சானல் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் அதைப் பார்க்க மூன்று ரிமோட்டுகளை வரிசை தவறாமல் கையாள வேண்டும். “நீங்க எல்லாரும் ஆபீஸ் போயிட்டா இதையெல்லாம் தொடவே எனக்குப் பயமா இருக்குடா, படம் வந்தா குரல் வரல, குரல் வந்தா படம் வரல” என்று அம்மா சொல்லிவிட்டு, பகல் முழுவதும் அணைந்த திரைக்கு எதிரே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாராம். அண்ணன் தம்முடைய தொடுதிரை ரிமோட்டில் அம்மாவுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினார். அந்தக் கருவிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அதனால் என்ன? பொத்தானே சித்திரமாக இருக்கும்போது எழுத்தையும் சித்திரமாக வரைந்துவிடலாமே! கணினியில் புள்ளி புள்ளியாகத் தட்டி, ‘தமிழ்’ என்று ஒரு பெரிய பொத்தானும் ‘நிறுத்து’ என்று ஒரு பெரிய பொத்தானும் வரைந்தார். முதல் பொத்தானைத் தொட்டால் டெலிவிஷன் எழும். சில விநாடி கழித்துச் செயற்கைக்கோள் பெட்டி எழும். ஆம்ப்ளிஃபயர் எழுந்து, எந்த வழியில் வரும் ஒலியை ஏற்க வேண்டுமோ அந்த வழிக்குத் திரும்பும். கடைசியில் சானலின் எண் ஒவ்வொரு இலக்கமாகப் போகும்.

போட்ட கணக்கு சரிதான், மறுநாளே பிசகிற்று. டெலிவிஷன் பெட்டியின் மின்சாரப் பொத்தான் ஒன்றே ஒன்று: அணைந்திருந்தால் எழுப்பும், எழுந்திருந்தால் அணைக்கும். பேரப் பிள்ளைகள் காலையில் கார்ட்டூன் பார்த்துவிட்டு டெலிவிஷனை அணைக்காமல் போனால், அம்மா தொட்ட ‘தமிழ்’ பொத்தான் டெலிவிஷனை அணைத்துவிட்டு மற்ற இரண்டையும் எழுப்பியது. குரல் வந்தது, படம் வரவில்லை. ரிமோட்டைப் பொறுத்தவரை எல்லா ஆணைகளையும் பிழையின்றி ஓதியாயிற்று. அதன் திரையில் ‘தமிழ்’ பக்கம் சாவதானமாக நின்றுகொண்டிருந்தது.

இந்த ஒரு சிக்கலை அவிழ்ப்பதற்காகப் பொது ரிமோட்டுப் பிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சில கம்பெனிகள் தங்கள் பெட்டிக்குள் ‘எழு’ என்றும் ‘அணை’ என்றும் இரண்டு தனி ஆணைகளை வைத்திருந்தும், தாங்கள் கொடுத்த ரிமோட்டில் அவற்றுக்குப் பொத்தான் வைக்கவில்லை. என்இசி முறையில் ஓர் ஆணை எட்டுத் துணுக்குகளால் ஆனது. ஆகவே ஒரு விலாசத்துக்கு மொத்தம் 256 ஆணைகளே இருக்க முடியும். ஆர்வலர்கள் அந்த 256-ஐயும் பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பி, பெட்டி எதற்கு அசைகிறது, எதற்கு அசையவில்லை என்று குறித்துக்கொண்டு, மறைந்திருந்த இரண்டையும் வெளிக்கொணர்ந்தார்கள்; கண்டதை ஒருவருக்கொருவர் தாராளமாகக் கொடுத்துக்கொண்டார்கள். அப்படித் தனி ஆணைகளே இல்லாத பெட்டிகளுக்கு வேறொரு உபாயம் இருந்தது. உறங்கும் டெலிவிஷன் பலவற்றை ஏதாவது ஒரு சானல் எண்ணே எழுப்பிவிடும், ஆனால் விழித்திருப்பதை அது அணைக்காது. எனவே எழுப்புவதற்கு எண்ணை அனுப்பினார்கள். அணைப்பதற்கும் முதலில் எண்ணை அனுப்பி, எழுந்திருக்கிறது என்பதை நிச்சயமாக்கிக்கொண்டு, அதன்பின் மின்சாரப் பொத்தானின் ஆணையை அனுப்பினார்கள். செவியில்லாத ஒருவன் எதிராளியின் நிலையைத் தெரிந்துகொள்ளாமலே அதைத் தீர்மானமாக்கிக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தை நான் மனமார வியக்கிறேன்.

அண்ணன் வீட்டு டெலிவிஷனுக்கு இந்த இரண்டு உபாயங்களும் பலிக்கவில்லை. அவர் கடைசியில் செய்த காரியம்தான் இத்தனை வித்தைகளிலும் சிறந்ததென்பது என் அபிப்பிராயம். அம்மாவின் பக்கத்தில் இன்னும் இரண்டு பொத்தான்களை வரைந்தார்: ‘படம் வரவில்லை’, ‘குரல் வரவில்லை’. முன்னது டெலிவிஷனின் மின்சார ஆணையை மட்டும் மறுபடி அனுப்பும். பின்னது ஆம்ப்ளிஃபயரைச் சரியான வழிக்குத் திருப்பும். ரிமோட்டுக்கு இல்லாத கண்ணும் செவியும் அம்மாவிடம் இருந்தன. சாதனத்தின் பெயரையோ ஆணையின் பெயரையோ அறியாமல், தாம் கண்டதையும் கேட்டதையும் சொன்னால் போதும் என்று ஆனபிறகு, அவர் யாரையும் எதிர்பாராமல் பகலில் பாட்டுக் கேட்கலானார்.

சில ஆண்டுகளில், கனடா நாட்டில் தோன்றி 2004-இல் லாஜிடெக் கம்பெனியின் வசமான ‘ஹார்மனி’ ரிமோட்டுகளிலும் இதே தத்துவம் அமைந்திருப்பதைப் பார்த்தேன். ‘டெலிவிஷன் பார்’, ‘பாட்டுக் கேள்’ என்று காரியத்தின் பெயரையே பொத்தானாக்கி, ஒவ்வொரு சாதனமும் எந்த நிலையில் விடப்பட்டது என்பதைத் தன் ஞாபகத்தில் அவை குறித்துக்கொண்டன. ஞாபகம் பிசகினால் ‘உதவி’ என்பதைத் தொட வேண்டும். உடனே ரிமோட், ‘டெலிவிஷன் எழுந்திருக்கிறதா?’ என்று திரையில் நம்மைக் கேட்கும். நாம் ஆமென்றோ இல்லையென்றோ பதில் சொல்ல, அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். தனக்குத் தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொண்டு மனிதனைக் கேட்கும் இந்தப் பண்பு, எல்லாம் அறிந்ததுபோல் நடிக்கும் இயந்திரங்களுக்கிடையே எனக்கு மிக உயர்ந்ததாகப் படுகிறது.

தொடுதிரை கொடுத்ததைச் சொன்னேன். அது எடுத்துக்கொண்டதையும் சொல்லவேண்டும். பொத்தான் ரிமோட்டில் 5 என்ற எண்ணின் மேல் ஒரு சிறு புடைப்பு இருக்கும். கட்டைவிரல் அந்தப் புடைப்பை நாடிச் சென்று, அங்கிருந்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் மற்ற எண்களைக் கணித்துக்கொள்கிறது. கண் திரைப்படத்திலேயே லயித்திருக்கலாம். பார்வையற்றவருக்கு அந்தப் புடைப்புதான் ரிமோட்டின் முகவரி. வழவழப்பான திரையிலோ விரலுக்குப் பற்றுக்கோடு எதுவுமில்லை. படம் பார்க்க விளக்கை அணைத்த அறையில், வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்ட நினைப்பவர், கண்ணைப் படத்திலிருந்து பிடுங்கி மடியில் உள்ள ஒளிக் கட்டத்தில் செலுத்தி, இடம் பார்த்து, தொட்டு, மறுபடி நிமிர வேண்டும். அதற்குள் அந்த வசனம் போய்விடும். பெட்டி மறுமொழி சொல்லாத குறை அகச்சிவப்புக் கதிரிலும் நீடித்தது. பொத்தான் விரலுக்குச் சொல்லிவந்த மறுமொழியையும் தொடுதிரை நீக்கிவிட்டது. தொட்டவுடன் ‘டிக்’ என்று ஒலியெழுப்பச் செய்தார்கள். ஆனால் அந்த ஒலி தொட்ட பிறகு வருவது, தொடுமுன் இடத்தைக் காட்டுவதற்கு அதனால் ஆகாது. பிரான்டோவைச் செய்தவர்கள் இதை உணர்ந்தே ஒலிக்கும் சானலுக்கும் மெய்ப்பொத்தான்களை மிச்சம் வைத்தார்கள் என்று நினைக்கிறேன். 2008-இல் வந்த ‘ஹார்மனி ஒன்’, வண்ணத் தொடுதிரையை மேலே சிறியதாக ஒதுக்கிவிட்டு, அதன் கீழே பொத்தான்களை நிறைய வைத்தது. விரலுக்கு உரியதை விரலிடமும் கண்ணுக்கு உரியதைக் கண்ணிடமும் விட்ட அந்தப் பங்கீட்டைக் காட்டிலும் நல்லதொன்றை நான் கண்டதில்லை.

மறுமொழி இன்மைக்குப் பரிகாரம் வேறொரு திசையிலிருந்து வந்தது. 2002-இல் வகுக்கப்பட்ட எச்டிஎம்ஐ கம்பியின் 13-ஆம் முனை, படத்தையும் ஒலியையும் சுமப்பதில்லை. சாதனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்று அது ஒதுக்கப்பட்டது. டெலிவிஷன் அணைந்தால் மற்றதும் அணைகிறது. பெட்டியில் படம் ஓடத் தொடங்கினால் டெலிவிஷன் தானே விழித்து அந்த வழிக்குத் திரும்புகிறது. கம்பெனிக்கு ஒரு பெயரில் அது வழங்கிவருவதாலும், சிலவற்றுக்கிடையே பேச்சு சரிவராமல் போவதாலும் அதன் பயன் முழுமையாகவில்லையாயினும், கேட்டால் பதில் சொல்லும் பழக்கம் ஒருவாறு கூடத்துக்குள் வந்துவிட்டது. நம் நாட்டிலோ அகச்சிவப்பு விளக்குப் பொருத்திய கைபேசிகள் பரவி, செட்டாப் பாக்ஸ் ரிமோட் தொலைந்த வீடுகளிலும், மின்விசிறிக்குக்கூட ரிமோட் வந்துவிட்ட வீடுகளிலும் பொது ரிமோட்டின் வேலையை ஓசைப்படாமல் செய்துகொண்டிருக்கின்றன. ஆனால் அந்தச் செயலிகளில் பொத்தான்கள் நின்ற இடத்தில் நிற்க, தமிழ் எழுத்தில் தாயாருக்கென்று ஒரு பக்கம் வரைந்துகொள்ள இடம் கொடுத்ததை நான் பார்க்கவில்லை.

பிலிப்ஸ் கம்பெனி 2010-இல் பிரான்டோவை நிறுத்தியது. லாஜிடெக் 2021-இல் ஹார்மனியைச் செய்வதை நிறுத்தியது. இரண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஹார்மனிக்கு எழுதியதெல்லாம் கம்பெனியின் கணினியில் தங்கியிருக்கிறது. புதிய சாதனத்தைச் சேர்க்க அந்தக் கணினி உயிரோடு இருக்கவேண்டும். பிரான்டோவுக்கு எழுதியதெல்லாம் எழுதியவருடைய சொந்தக் கணினியில், அவர் திறக்கவும் திருத்தவும் நகலெடுக்கவும் கூடிய ஒரு கோப்பாக இருக்கிறது. அண்ணன் வீட்டில் டெலிவிஷன் மாறிற்று, செயற்கைக்கோள் பெட்டியும் மாறிற்று. ஒவ்வொரு தடவையும் அவர் அந்தக் கோப்பைத் திறந்து, புதிய சாதனத்தின் ஆணைகளைப் பொத்தான்களுக்கு அடியில் மாற்றி வைத்தார். அம்மாவின் பக்கத்தில் இருந்த நான்கு பொத்தான்களையும் அவற்றின்மேல் எழுதியிருந்ததையும் மாற்ற வேண்டிய அவசியம் ஒருபோதும் ஏற்படவில்லை.